151 இதழ்கள், 2,109 கட்டுரைகள்: அடுக்கடுக்கான ஒரு தளத்தை ஸ்கிரேப்பியால் இறக்கிய கதை

போன ஞாயிறு இரவு 11.40க்குக் கடைசி ஓட்டம் முடிந்தது. ஓர் இணையச் சிற்றிதழின் கட்டுரைகளை, தளம் மூடப்படுவதற்குள் இறக்கி வைக்கும் வேலை. ஸ்கிரேப்பி என்பது பைத்தான் நிரல்மொழியில் எழுதிய, ஒரு தளத்தின் பக்கங்களைத் தானே திறந்து வேண்டியதை எடுத்துத் தரும் கருவி. ஓட்டம் முடிந்ததும் அது திரையில் ஒரு நீளமான கணக்கைக் கொட்டும். அதில் நான் தேடியது ஒரே வரி: எடுத்த கட்டுரைகள் 2,109. இதழாசிரியர் கைப்பட எழுதி வைத்திருக்கும் நோட்டின்படி இருக்க வேண்டியவை 2,118. குறைகிற ஒன்பதும் எங்கே போயின என்று தெரிந்துவிட்டதால் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். விஷயம் தெரிந்தவர் இரண்டு நாளில் முடித்திருப்பார். எனக்கு ஆறு வார இறுதிகள் ஆயின. எங்கெங்கே முட்டிக்கொண்டேன் என்பது மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

எனக்குப் பிழைப்பு ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுவது. பைத்தான் ராத்திரிப் பொழுதுபோக்கு. என் சித்தப்பா எழுதிக்கொண்டிருந்த ஓர் இணையச் சிற்றிதழ் 2001 முதல் 2013 வரை மாதாமாதம் வந்தது. ஐந்து மாதம் விட்டுப்போக, மொத்தம் 151 இதழ்கள். நடத்தியவருக்கு இப்போது 78 வயது. தளத்தைக் கட்டிக்கொடுத்த பையன் வெளிநாடு போய்த் தொடர்பே இல்லை. சர்வர் கணக்கு அவன் பெயரில் இருக்கிறது, கடவுச்சொல்லும் அவனிடம்தான். மார்ச் 31 வந்தால் காலாவதி, புதுப்பிக்க வழியில்லை. “உள்ளே போக சாவி இல்லீங்க தம்பி. வாசல்ல நின்னே எல்லாத்தையும் எடுக்க முடியுமா?” என்று போனில் கேட்டார். இந்த வேலை என்ன என்று எனக்குச் சொன்னவர்களில் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னவர் யாரும் இல்லை.

வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுமதி வாங்கிக்கொண்டேன். எழுதியவர்களிடம் கேட்பதை அவரே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். தானியங்கி நிரல்கள் எங்கே வரலாம், எங்கே கூடாது என்று சொல்லும் விதிக்கோப்பு தளத்தில் இருக்கிறதா என்று பார்த்தேன். அப்படி ஒன்றே இல்லை, ‘பக்கம் இல்லை’ என்று சர்வர் சொல்லும் 404தான் வந்தது.

தளத்தின் அடுக்கு இப்படி: முகப்பில் ஆண்டுகளின் பட்டியல். ஆண்டைத் தொட்டால் அந்த ஆண்டின் இதழ்கள். இதழைத் தொட்டால் உள்ளடக்கம். அதிலிருந்து கட்டுரை. கட்டுரை நீளமாக இருந்தால் அடியில் ‘தொடர்ச்சி’ என்று அடுத்த பக்கம், அதன் அடியில் இன்னொன்று. மிக நீளமான கட்டுரைக்கு ஆறு பக்கம். காகிதத்தில் வரைந்து பார்க்கும்போது எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது.

கருவிகள்: 4 ஜிபி நினைவகமுள்ள பழைய மடிக்கணினி, அதில் உபுண்டு, கைப்பேசியின் ஹாட்ஸ்பாட், நாளுக்கு 2 ஜிபி டேட்டா.

முதல் சனிக்கிழமை: பேராசை

ஸ்கிரேப்பியெல்லாம் எதற்கு, பக்கங்களை இறக்கும் டபிள்யூகெட் என்ற எளிய கருவி போதும் என்று முழுத் தளத்தையும் நகலெடுக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலமும் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து மணி நேரத்தில் 11,000க்கு மேல் கோப்புகள், 1.3 ஜிபி. மொத்தமே மூவாயிரம் பக்கத்துக்கு மேல் தேறாத தளம் அது.

கோப்புப் பெயர்களைப் பார்த்தபோது புரிந்தது. ஒவ்வொரு முறை ஒரு பக்கம் திறக்கும்போதும் அதிலுள்ள எல்லா இணைப்புகளின் வாலிலும் தளம் ஒரு புதிய எண்ணை ஒட்டுகிறது. வருகையாளர்களை எண்ணுவதற்காக அந்தக் காலத்தில் யாரோ செய்து வைத்த ஏற்பாடாக இருக்கும். ஒரே பக்கம், நூறு முகவரி. கருவிக்கு நூறும் வேறு வேறு. அது சாகும்வரை ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கும். நிறுத்தினேன். அன்றைய டேட்டா காலி.

இதற்கான வைத்தியம் நாலே வரி: முகவரியை வரிசையில் சேர்ப்பதற்கு முன்னால் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் பகுதிகளில் அந்த எண்ணை மட்டும் வெட்டிவிடுவது. வெட்டிய பிறகு, ஏற்கெனவே பார்த்த பக்கம் எது என்பதை ஸ்கிரேப்பியே கண்டுபிடித்துத் தள்ளிவிடுகிறது. ஓட்டத்தின் முடிவில் இரட்டைகள் எத்தனை வடிகட்டப்பட்டன என்றும் சொல்கிறது. அந்த எண் சுழியமாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஒரு தளத்தில் இரட்டை இணைப்பே இல்லாமல் இருக்காது.

இரண்டாம் வாரம்: சுழியத்திலிருந்து 612

ஸ்கிரேப்பியில் க்ரால்ஸ்பைடர் என்று ஒரு தயார்நிலைச் சிலந்தி (இணைப்புகளில் ஊர்ந்துபோகும் நிரல்) உண்டு. “இந்த மாதிரி முகவரி வந்தால் பின்தொடர், அந்த மாதிரி வந்தால் கட்டுரையை எடு” என்று விதிகளை மட்டும் எழுதினால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும். அடுக்குத் தளத்துக்கு இதுதான் பொருத்தம் என்று எங்கும் எழுதியிருந்தார்கள். எழுதி ஓட்டினேன். கட்டுரைகள்: சுழியம். பிழைச் செய்தியும் இல்லை. ஒரு பக்கத்தைத் திறந்தது, முடித்துக்கொண்டது.

இரண்டு இரவுகள் இதில் போயின. விதிகளை மாற்றி மாற்றி எழுதினேன், தவறு விதிகளில் இல்லை. கட்டுரையை எடுக்கும் என் ஃபங்ஷனுக்கு (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) நான் வைத்த பெயர் ‘பார்ஸ்’. நான் நிறுவியிருந்த பழைய பதிப்பில் க்ரால்ஸ்பைடர் தன் சொந்த வேலைக்கு உள்ளே வைத்திருந்த ஃபங்ஷனின் பெயரும் அதுவே. என்னுடையது அதை மூடிவிட்டது, விதிகளைப் படிக்க ஆளில்லாமல் போயிற்று. அந்தப் பதிப்பின் ஆவணத்தில் இதை எச்சரிக்கையாகவே போட்டிருந்தார்கள். நான் எடுத்துக்காட்டை மட்டும் நகலெடுத்துவிட்டு, அதன் கீழே இருந்ததைப் படிக்கவில்லை.

பெயரை மாற்றியதும் ஓடியது. 612 கட்டுரைகள். சந்தோஷப்பட்டுக்கொண்டே கோப்பைத் திறந்தால், ஒவ்வோர் இதழிலும் முகப்பில் படத்தோடு வரும் நாலைந்து கட்டுரைகள் மட்டுமே இருந்தன. காரணங்கள் இரண்டு. இந்தத் தளத்தில் இதழுக்கும் கட்டுரைக்கும் முகவரி ஏறக்குறைய ஒரே மாதிரி, கடைசி எண் மட்டும்தான் வேறு. என் கட்டுரை விதி இரண்டுக்கும் பொருந்திவிட்டது. ஓர் இணைப்புக்கு எந்த விதி முதலில் பொருந்துகிறதோ அதுதான் செல்லும், அதற்குக் கீழே உள்ள விதிகளுக்கு வேலையில்லை. அதனால் இதழ்ப் பக்கங்களே கட்டுரைகளாகக் கருதப்பட்டன. இரண்டாவது, விதியில் கால்பேக் என்று ஒரு ஃபங்ஷனைக் குறிப்பிட்டுவிட்டால், ‘அந்தப் பக்கத்திலிருந்து மேலும் போகாதே’ என்பதுதான் இயல்பான ஏற்பாடு. போ என்று தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லிப் பார்த்தேன். இப்போது முந்தைய இதழ், அடுத்த இதழ் என்ற இணைப்புகளில் ஏறி இறங்கி ஆழம் 43 வரை போய்விட்டது. என் காகிதப் படத்தின்படி ஆழம் 8ஐத் தாண்டவே கூடாது.

அதே வாரம்தான் அந்தப் போன் வந்தது. நான் நிறுவியிருந்த பதிப்பில் இயல்பாக ஒரே நேரத்தில் மொத்தம் 16 வேண்டுகோள்கள், ஒரே தளத்துக்கு 8. இடைவெளி கிடையாது. பழைய, மலிவான, பலர் பகிரும் சர்வர் அது. ‘இப்போது முடியாது’ என்று சர்வர் சொல்லும் 503, 503 என்று வரிசையாக வந்ததை நான் கவனிக்கவில்லை. இதழாசிரியர் கவனித்துவிட்டார்.

“தம்பி, தளம் திறக்க மாட்டேங்குதே. அதுக்குள்ள மூடிட்டாங்களா?”

“இல்லீங்க ஐயா, நாந்தானுங்க.”

இருபது நிமிடம் கழித்துத் திறந்தது. அன்றைக்கே ஒரு தளத்துக்கு ஒரு வேண்டுகோள், இரண்டு நொடி இடைவெளி என்று மாற்றினேன். ஸ்கிரேப்பி அந்த இரண்டு நொடியைத் துல்லியமாக வைத்துக்கொள்ளாது, பாதியிலிருந்து ஒன்றரை மடங்கு வரை தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். அதாவது ஒன்று முதல் மூன்று நொடி. 3,000 பக்கத்துக்கு ஒரு மணி நாற்பது நிமிடம். வேகமாக ஓட்டி மிச்சப்படுத்திய நேரத்தைவிட மன்னிப்புக் கேட்ட நேரம் அதிகம்.

மூன்றாம் வாரம்: நிலைக்கு ஒரு ஃபங்ஷன்

க்ரால்ஸ்பைடரை விட்டுவிட்டேன். அது மோசமென்று சொல்ல மாட்டேன். முகவரியை வைத்தே பக்கத்தின் வகையைச் சொல்லிவிடக்கூடிய தளத்துக்கு அது சரி. இங்கே சரிப்படவில்லை. சாதாரணச் சிலந்தியில் ஆண்டுக்கு ஒரு ஃபங்ஷன், இதழுக்கு ஒன்று, கட்டுரைக்கு ஒன்று, தொடர்ச்சிக்கு ஒன்று என நாலு எழுதினேன். ஒவ்வொன்றும் தனக்கு அடுத்த நிலையை மட்டும் கூப்பிடும். மேலே ஏறவோ பக்கவாட்டில் போகவோ வழியே இல்லை. ஆழ வரம்பை 10 என்று வைத்தேன், எங்காவது தப்பினாலும் அங்கே நின்றுவிடும்.

இதில் இன்னொரு வசதியும் கிடைத்தது. பழைய இதழ்களில் எழுதியவர் பெயர் உள்ளடக்கத்தில் மட்டும்தான் இருக்கும், கட்டுரைப் பக்கத்தில் இருக்காது. ஆகவே இதழ்ப் பக்கத்தில் படித்த பெயரை, மாதத்தை, தலைப்பைக் கட்டுரைப் பக்கம் வரை சுமந்துபோக வேண்டும். அடுத்த பக்கத்தைக் கேட்கும்போதே ஒரு துண்டுச்சீட்டையும் கொடுத்தனுப்ப ஸ்கிரேப்பி 1.7 முதல் தனி ஏற்பாடு உண்டு. அனுப்பினேன். முதல் சோதனையில் 14 கட்டுரைக்கும் ஒரே எழுத்தாளர் பெயர், அதுவும் பட்டியலில் கடைசியாக இருந்தவர். சீட்டை ஒவ்வொரு கட்டுரைக்கும் புதிதாக எழுதாமல், ஒரே சீட்டில் அடித்து அடித்து எழுதியிருக்கிறேன். பதினான்கு பேரும் ஒரே சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடையில் பையன்கள் ஒரே பில் புத்தகத்தில் எழுதினால் நான் எப்படிக் கத்துவேன் என்பது நினைவுக்கு வந்தது.

கட்டுரையின் உடலைப் பக்கத்திலிருந்து பிரிப்பதுதான் இந்த வாரத்தின் பெரிய வேலை. தளம் இரண்டு முறை தோற்றம் மாறியிருந்தது. 2004 ஜூன் வரை ஒன்று, 2009 முடிய ஒன்று, 2010 முதல் ஒன்று. கடைசியானது நல்ல பிள்ளை, கட்டுரைக்கென்று பெயரிட்ட பெட்டி இருந்தது. முதல் இரண்டும் அட்டவணைக்குள் அட்டவணை, அதற்குள் அட்டவணை. பெயரும் கிடையாது, வகையும் கிடையாது.

உலாவியில் கட்டுரையின் மேல் வலச்சொடுக்கி, ஆய்வுப் பலகத்திலிருந்து, பக்கத்துக்குள் அந்த இடத்தைச் சுட்டும் எக்ஸ்பாத் வழியை அப்படியே நகலெடுத்துப் போட்டேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த வழியில் ஒவ்வோர் அட்டவணைக்குள்ளும் ‘டிபாடி’ என்று ஒரு படி இருந்தது. மூலப் பக்கத்தில் அது எங்குமே இல்லை! உலாவி தானாகச் செருகிக்கொள்வது அது. ஸ்கிரேப்பிக்கு வருவது சர்வர் அனுப்பியபடி, உலாவி திருத்தாத பக்கம். அதன்பிறகு ஆய்வுப் பலகத்தை மூடிவிட்டு, மூலத்தைக் காட்டும் சாளரத்தையும் ஸ்கிரேப்பியின் ஷெல்லையும் மட்டுமே வைத்துக்கொண்டேன். ஷெல்லில் ஒரு பக்கத்தை ஒருமுறை இறக்கிவிட்டு, பத்து விதமாகக் கேட்டுப் பார்க்கலாம். சர்வருக்குத் தொல்லையில்லை. கடைசியில் பிடிபட்ட அடையாளம் அகலம். முதல் தோற்றத்தில் கட்டுரை இருக்கும் கட்டத்தின் அகலம் எப்போதும் 480. இரண்டாவதில் 520. இப்படி ஒரு எண்ணை நம்பி நிரல் எழுதுவது அசிங்கம்தான். ஆனால் இந்தத் தளம் இனி மாறப்போவதில்லை. பத்து நாளில் சாகப்போகிற தளத்துக்கு அழகான நிரல் எதற்கு?

ஓட்டினேன். 4,180 கட்டுரைகள், மூன்று மணி நேரம். இருக்க வேண்டியதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒவ்வொரு கட்டுரைக்கும் ‘அச்சிட’ என்றும் ஒரு பக்கம் இருந்திருக்கிறது. குப்பை என்று அதை ஒதுக்கினேன். இதைப் பற்றி அடுத்த வாரம் வருத்தப்பட்டேன்.

கேஷை இயக்கியதும் இந்த வாரம்தான். இறக்கிய பக்கங்களையெல்லாம் ஸ்கிரேப்பி வட்டில் வைத்துக்கொள்ளும், அடுத்த ஓட்டத்தில் சர்வரிடம் போகாது. அமைப்புக் கோப்பில் ஒரே வரி. இதை முதல் நாளே செய்திருந்தால் அந்தப் போனே வந்திருக்காது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இயக்கவும் கூடாது. சர்வர் மூச்சுத்திணறி அனுப்பிய 503 பக்கங்களையும் அது பத்திரமாகச் சேர்த்து வைத்தது. அடுத்த ஓட்டத்தில் அதே 503ஐ வட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தது. சர்வர் நலமாக இருக்கிறது, என் நிரல் மட்டும் இன்னும் 503 என்கிறது. எந்தெந்தப் பிழை எண்களைச் சேமிக்க வேண்டாம் என்று ஒரு பட்டியல் கொடுக்கலாம். 500, 502, 503, 504, 429 கொடுத்தேன். கேஷ் கோப்புறையை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

நான்காம் வாரம்: தொடர்ச்சி

தொடர்ச்சிப் பக்கங்களை முதலில் தனித்தனியாக எடுத்து, பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பதில்கள் கேட்ட வரிசையில் வர வேண்டும் என்று கட்டாயமில்லை. இரண்டாம் பக்கம் வேறு கட்டுரைகளைத் தாண்டி எங்கோ போய் விழும். ஆகவே சங்கிலி முறைக்கு மாறினேன். முதல் பக்கத்தின் உரையைச் சீட்டில் வைத்து இரண்டாம் பக்கத்துக்கு அனுப்பு, அது தன் பங்கைச் சேர்த்து மூன்றாவதுக்கு அனுப்பும், தொடர்ச்சி இல்லாத பக்கம் முழுக் கட்டுரையை வெளியே தரும்.

2,071 வந்தது. பின்னால் கிடைத்த நோட்டின் கணக்கைவிட 47 குறைவு. சங்கிலியில் நடுப்பக்கம் ஒன்று 404 ஆனாலோ, நேரம் கடந்து அறுந்தாலோ, அதுவரை சேர்த்த முழு உரையும் காற்றில் போய்விடுகிறது. ஆறு பக்கக் கட்டுரையில் ஐந்தாம் பக்கம் தவறினால் முதல் நாலும் சேர்ந்தே காணாமல் போகும். பிழை வந்தால் கூப்பிட ஒரு ஃபங்ஷனைத் தனியாக வைக்கலாம். அதில், கையில் இருக்கிற வரைக்கும் ‘முழுமையற்றது’ என்று முத்திரை குத்தி வெளியே தரச் சொன்னேன். 38 கட்டுரைகள் அப்படித் திரும்பி வந்தன, 2,109.

அந்த 38இல் 29 இரண்டாம் தோற்றத்தைச் சேர்ந்தவை. குப்பை என்று நான் ஒதுக்கிய அச்சிடும் பக்கத்தைச் சும்மா ஒன்று திறந்து பார்த்தேன். முழுக் கட்டுரையும் ஒரே பக்கத்தில், மெனு இல்லாமல், விளம்பரம் இல்லாமல், பக்கம் பக்கமாக உடைக்காமல்! 2004 ஜூலை முதல் 2009 வரைக்கும் சங்கிலியே தேவைப்பட்டிருக்காது. 520 அகலக் கட்டமும் தேவைப்பட்டிருக்காது. அந்த ஆண்டுகளுக்கு மட்டும் அச்சிடும் பக்கத்தையே மூலமாக மாற்றினேன், 29ம் முழுமையாயின. இனி எந்தத் தளமானாலும் அச்சிடும் பக்கம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

ஐந்தாம் வாரம்: எழுத்து

இதை ஒரே மாலை வேலை என்று நினைத்திருந்தேன்.

2004 ஜூன் வரையிலான இதழ்கள் இன்றைய பொதுக் குறியாக்கமான யூனிகோடில் இல்லை, பழைய தமிழ்க் குறியாக்கமான திஸ்கியில் இருந்தன. பக்கத்தின் தலையில் ‘ஐஎஸ்ஓ-8859-1’ (மேற்கு ஐரோப்பியக் குறியாக்கம்) என்று பொய் எழுதியிருக்கும். உலாவியில் எழுத்துருவைப் போட்டுக்கொண்டால் தமிழாகத் தெரியும், இல்லையென்றால் ஐரோப்பிய உச்சரிப்புக் குறிகளின் குவியல். திஸ்கியின் கீழ்ப்பாதி ஆங்கிலம் அப்படியே, மேல்பாதியில் தமிழ். அதனால் எச்டிஎம்எல் குறிகள் கெடாது, பக்கத்தைப் பிரிப்பதில் சிக்கல் இல்லை. மாற்றுவதற்கு ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகம் இருக்கிறது. காசில்லை, நிறுவ ஒரு நிமிடம். கொம்பு முன்னால் வருவது, துணைக்கால் பின்னால் வருவது எல்லாவற்றையும் அதுவே சரிப்படுத்தும்.

மாற்றிப் பார்த்தேன். தமிழ் வந்துவிட்டது. படிக்க ஆரம்பித்தால் “ந்தியா”, “ந்த”, “லக்கியம்”, “தழ்”. எல்லா ‘இ’யும் காணோம். மற்ற எல்லா எழுத்தும் இருக்கிறது, ‘இ’ மட்டும் இல்லை.

இதற்கு ஒரு முழு ஞாயிறு போயிற்று. நூலகத்தைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன், பாவம். திருடன் நான்தான். புதிய இதழ்களில் சொல் நடுவே கண்ணுக்குத் தெரியாத மென்கோடுகள் கிடந்தன. சொல் உடைக்க வேர்டு போடுவது, அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். அதை நீக்க ஒரு வரி எழுதி, எல்லாப் பக்கத்துக்கும் பொதுவாக, மாற்றத்துக்கு முன்னால் வைத்திருந்தேன். குறியாக்க அட்டவணையில் மென்கோட்டின் இடம் 173. பழைய திஸ்கியில் ‘இ’ உட்கார்ந்திருக்கும் இடமும் அதே 173. இதே இடத்தில் வேறு மென்பொருள்களும் தகராறு செய்ததால்தான் பிற்பாடு ‘இ’க்கு 254ஆம் இடமும் கொடுத்திருக்கிறார்கள். இந்த இதழோ பழைய இடத்திலேயே இருந்தது. ஸ்கிரேப்பி தரும் ‘உரை’யை எடுக்காமல், அது இறக்கிய மூல பைட்டுகளை எடுத்து, எதையும் தொடாமல் முதலில் மாற்றி, பிறகுதான் சுத்தம் செய்வது என்று வரிசையைத் திருப்பினேன். இந்தியா திரும்பி வந்தது.

அப்புறமும் 41 கட்டுரைகள் வெறும் ஆங்கில எழுத்துகளாக நின்றன. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற மாதிரி. ஒரு பழைய டிடிபி நண்பரிடம் காட்டினேன். திரையைப் பார்த்ததும் “அம்மான்னு போட்டிருக்கு” என்றார். பாமினி எழுத்துரு! இலங்கையிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் எழுதியவர்கள் பாமினியில் அடித்து அனுப்பியதை, எழுத்துருவின் பெயரை மட்டும் குறித்து அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். பாமினியில் எல்லாமே ஆங்கில விசைகளின் இடங்களில் உட்கார்ந்திருப்பதால், எந்தச் சோதனையிலும் அது சாதாரண ஆங்கிலமாகத்தான் தெரியும். அது பாமினி என்பதற்குப் பக்கத்தில் இருந்த ஒரே சாட்சி, எழுத்துருவைச் சொல்லும் ‘ஃபாண்ட்’ குறி. அதைத்தான் தேவையற்ற அலங்காரம் என்று முதல் வேலையாக நான் உரித்து எறிந்திருந்தேன்.

நல்லவேளை, கேஷில் மூலப் பக்கங்கள் இருந்தன. மறுபடி சர்வரிடம் போகாமல், வட்டிலிருந்தே ஓட்டி, உரிப்பதற்கு முன்னால் எழுத்துருப் பெயரைப் படித்துக்கொண்டேன். கேஷிலிருந்து ஓடும்போது இடைவெளியும் இல்லை, முழு ஓட்டமும் நாலு நிமிடம். இரண்டு கட்டுரைகளில் ஒரு பத்தி திஸ்கி, மேற்கோள் பாமினி. அவற்றைக் கையால் சரிசெய்தேன்.

ஆறாம் வாரம்: நோட்டு

ஆசிரியர் தன் நோட்டின் 96 பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினார். தலைப்புகளை நானும் மனைவியும் கைப்பேசியில் சொல்லச் சொல்ல அடித்துப் பட்டியலாக்கினோம், மூன்று மாலைகள். இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டால் 66 தலைப்புகள் பொருந்தவில்லை. கண்ணால் பார்த்தால் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். ‘கோ’வை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, கணினிக்கு இரண்டும் வேறு. பைத்தானின் யூனிகோடு நூலகத்தில் என்எஃப்சி என்ற சீராக்கம் ஒரு வரியில் இதைத் தீர்க்கிறது. 66 என்பது 10 ஆயிற்று. பத்தாவது ‘ஔவை’. தளத்தில் ஒகரத்தையும் ளகரத்தையும் பக்கத்தில் வைத்து ஔ மாதிரி காட்டியிருந்தார்கள். எந்தச் சீராக்கத்துக்கும் அது அகப்படாது.

ஒரு சின்ன எரிச்சலும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். முதலில் வெளியீட்டை ஜேசன் என்ற தரவுக் கோப்பு வடிவில் எடுத்தபோது தமிழே இல்லை, பின்சாய்கோடும் யு என்ற எழுத்தும் எண்களுமாக இருந்தது. வெளியீட்டின் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று அமைப்பில் எழுதினால் தமிழாக வரும். கட்டளையில் சிறிய ‘ஓ’ போட்டால் பழைய கோப்பின் வாலில் ஒட்டும், பெரிய ‘ஓ’ போட்டால் அழித்து எழுதும். சிறியதைப் போட்டு இரண்டு முறை ஓட்டினால் ஜேசன் கோப்பு உடைந்துவிடும், எந்த நிரலும் திறக்காது. வரிக்கு ஒரு கட்டுரையாக எழுதும் ஜேசன் லைன்ஸுக்கு மாறினேன். அதில் ஒட்டினாலும் உடையாது, நடுவே மின்சாரம் போனாலும் அதுவரைக்கும் பத்திரம்.

கடைசிக் கோப்பு 42 எம்பி. கேஷ் 160 எம்பி. அதையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். படங்களைத் தனி ஓட்டமாக எடுத்தேன், அதில் சொல்ல ஒன்றுமில்லை. செலவு: கூடுதல் டேட்டா 122 ரூபாய், பென்டிரைவ் இரண்டு 900, கூரியர் 80. ஆக 1,102.

இன்னொரு முறை செய்வதானால் முதல் சனிக்கிழமை எதையும் பிரிக்க மாட்டேன். கேஷை இயக்கி, பிழை எண்களை விலக்கி, இரண்டு நொடி இடைவெளியில் மூலப் பக்கங்களை மட்டும் இறக்கி வைத்துவிட்டு, பிறகு நிதானமாக வட்டிலிருந்து பிரிப்பேன். ஒவ்வொரு தோற்றத்துக்கும் ஓர் இதழை எடுத்து, கையால் எண்ணிய கணக்கோடு ஒத்துப்போன பிறகுதான் முழு ஓட்டம். நோட்டையும் ஆறாம் வாரம் கேட்காமல் முதலிலேயே கேட்டிருப்பேன். எத்தனை வர வேண்டும் என்று தெரியாமல்தான் 612ஐப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

அந்த ஒன்பது: ஐந்து, இணைப்பு இருக்கிறது, பக்கம் இல்லை. இரண்டு, பக்கம் திறக்கிறது, உள்ளே தலைப்பு மட்டும். மீதி இரண்டைப் பற்றி ஆசிரியரிடம் கேட்டேன். “அது ரெண்டும் நான் போடவே இல்லீங்க தம்பி. எழுதினவர் கடைசி நேரத்துல வேண்டாம்னுட்டார், நோட்ல அடிக்க மறந்துட்டேன்” என்றார். ஆக, தொலைந்தவை ஏழு. அவற்றில் நாலுக்கு அந்தக் காலத்தில் எடுத்த அச்சுப்படி தன் வீட்டுப் பரணில் இருப்பதாகச் சொல்லி, போன புதன்கிழமை கூரியரில் போட்டிருக்கிறார். நாலில் ஒன்று சித்தப்பா எழுதியது. கூரியர் இன்னும் வரவில்லை. வந்ததும் அடிக்க வேண்டும்.